நடக்க மறுத்த விளக்குகள்

ஆய்வகத்துக்கும் மதியத் தூக்கம் வந்துவிட்டது போலிருந்தது. திரைச்சீலை வழியே கசிந்த மஞ்சள் வெளிச்சத்தில் மின்விசிறிகள் ஏதோ கனவு கண்டபடி சுற்றின. டிஜிட்டல் லாஜிக் பாடம் நடத்தும் பேராசிரியையை மாணவர்கள் ‘நிதானம் மேடம்’ என்பார்கள். அவருடைய உதவி விரிவுரையாளனுக்கோ காலில் சக்கரம். கதவு தட்டப்படும் முன்பே எழுந்து நின்றான்.

விளக்குகள் பதித்த மின்சுற்றுப் பலகையோடு வந்தவள், கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்தவள். வகுப்புக்கே ‘அக்கா’. பின்னால் தலைகுனிந்து வந்தவள் அவளோடு ஒரே மேசையில் வேலை செய்யும் சுருட்டைமுடிக்காரி.

“மேடம், இவ என் சர்க்யூட்டைக் கெடுத்துட்டா. காலையில எட்டு விளக்கும் ஒண்ணுபின்னால ஒண்ணா எரிஞ்சு நடந்துச்சு. சாப்பிட்டு வந்து தேர்வாளர் முன்னாடி போட்டா, ரெண்டு அடி நடந்துட்டுத் திரும்ப முதல்லயே வந்து நிக்குது. நடுவுல மேசைகிட்ட இருந்தது இவ ஒருத்திதான். துறைத் தலைவர்கிட்ட எழுதிக் குடுக்கப் போறேன்.”

தேர்வில் நாசவேலை என்று எழுதிக் கொடுத்தால் சுருட்டையின் படிப்பு அன்றோடு சரி. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“கைரேகை எடுத்துடலாமா மேடம்?” என்றான் உதவியாளன்.

“ஒரே மேசையில வேலை பார்க்கிறவங்க. ரெண்டு பேர் ரேகையும்தான் இருக்கும். உட்காருப்பா.” மேடம் அக்காவிடம் திரும்பினார். “ஒயர் ஏதாவது கழண்டிருந்துச்சா?”

“இல்ல மேடம். எல்லாம் நான் குத்தின இடத்துலயே இருக்கு. சிப்பைக்கூட மாத்திப் பார்த்துட்டேன்.”

“தேர்வாளர் முன்னாடி எப்படி நின்னே?”

“மரியாதையா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு.”

“காலையில?”

“உட்கார்ந்துதான். எப்பவும்போல இடது கையைப் பலகைமேல ஊனிக்கிட்டு.”

மேடம் சுருட்டையைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்றே?”

“மேசையைத் துடைச்சேன் மேடம். அப்ப ஏதாவது இடிச்சிருப்பேன். என்னாலதான் இருக்கும்.”

உதவியாளன் வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தான். மேடம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. பலகைக்கு மின்சாரம் கொடுத்தார். விளக்குகள் தடுமாறின. அக்காவின் இடது கையை எடுத்துப் பலகையின்மேல் வைத்தார். எட்டுச் சிவப்பு விளக்குகளும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெல்ல, வரிசையாக நடந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

“இப்ப கையை எடு.”

விளக்குகள் மறுபடி தடுமாறின.

“சிப்புல, கணக்கை முதல்லேர்ந்து தொடங்க வைக்கிற ரீசெட் கால் ஒண்ணு இருக்கே, அதை எதோட சேர்த்தே?”

அக்கா பலகையைக் குனிந்து பார்த்தாள். “அது... வேண்டாம்னு விட்டுட்டேன் மேடம்.”

“உனக்கு வேண்டாம்னா சிப்புக்கும் வேண்டாம்னு ஆயிடுமா? பூஜ்யம்னு சொல்ற தரை ஒயரோடயோ, ஒண்ணுன்னு சொல்ற மின் ஒயரோடயோ கட்டிடணும். அந்தரத்துல விட்டா, சுத்தி இருக்கிற மின் இரைச்சலையெல்லாம் கட்டளைன்னு எடுத்துக்கும். உன் கை அதுமேல பட்டு இரைச்சலை உள்வாங்கினவரைக்கும் சும்மா இருந்துச்சு. ஒயர் எல்லாம் இடத்துல இருக்கு, சிப்பும் புதுசு. அப்ப இவ எதைக் கெடுத்தா? இல்லாத ஒயரை யாராலயும் பிடுங்க முடியாது.”

ரீசெட் காலைப் பூஜ்யத்தோடு இணைத்தார். யாரும் தொடாமலே விளக்குகள் நடந்தன. உதவியாளனுக்குத் தன் புன்னகையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

“அப்ப நான் கெடுக்கலையா?” என்றாள் சுருட்டை. கண்ணில் நீர் முட்டியது. “வர்ற வழியிலயே அப்பாவுக்கு போன் பண்ணிட்டேன் மேடம். தப்புப் பண்ணிட்டேன், வீட்டுக்கு வந்துடறேன்னு.”

அக்கா சுருட்டையின் பக்கம் திரும்பினாள். கையை நீட்டினாள்.

“போனைக் குடு. அப்பாகிட்ட நான் பேசறேன்.”