ஒருமுறை மின்னினால் ஆமாம்

நிறுத்தியிருந்த காரின் ரேடியோ திடீரென்று கிறீச்சிட்டது. பெரிலின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. கார் சாவியோ முன்கண்ணாடிக்குக் கீழே தனியாகக் கிடந்தது. சாவி போடாமல் அந்த ரேடியோ ஒருநாளும் பாடியதில்லை.

பக்கத்தில் அவள் கணவன் நார்மன் அசையவில்லை.

குளிர்காலம், தேநீர் நேரத்துக்கே இருட்டிவிட்டது. கடலோர மேட்டில் ஊரார் கார்கள் வரிசையாக நின்றன. ஆண்டுதோறும் ரஸ்ஸலின் நினைவுநாளில் இங்கே கூடி, கார் விளக்குகளை மின்னவிட்டு மரியாதை செய்வார்கள். கடல் நடுவே ராணுவம் கைவிட்ட இரும்புக் கோட்டையில் ஏறி, அனுமதி வாங்காமல் முதன்முதலில் ரேடியோவில் பாட்டு ஒலிபரப்பியவன் பெரிலின் அண்ணன் ரஸ்ஸல்.

பிறகு கோட்டைக்குப் படகு விட்டால் சிறை என்று சட்டம் வந்தது. புயல் வந்தபோது நார்மன் மட்டும் துணிந்து படகெடுத்தானாம். ரஸ்ஸல் ரேடியோவை விட்டு இறங்க மறுத்தானாம். ஊரே அப்படித்தான் சொன்னது. தங்கையைவிட ஒரு ரேடியோப் பெட்டி பெரிதாகிவிட்டதா என்று, செத்த அண்ணனை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரைச்சல் தணிந்தது. மூடிய காருக்குள் டீசலும் உப்பும் கலந்த ஈர வாடை மெல்லப் பரவ, சங்கிலி இரும்பில் உரசும் சத்தத்துக்கு அப்பாலிருந்து யாரோ இருமிவிட்டுச் சிரித்தார்கள்.

"கரையில உக்காந்திருக்கிற சோம்பேறிகளா, சௌக்கியமா? நம்ம பழைய ஆட்டம்தான். ஆமான்னா லைட்டை ஒரு தடவை மின்னுங்க, இல்லேன்னா ரெண்டு தடவை."

ரஸ்ஸலின் குரல்.

"புயலன்னிக்கு விளக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேனே, பார்த்தீங்களா?"

வரிசை முழுவதும் ஒரு தடவை வெளிச்சம். பிறகு இருட்டு.

பெரில் இடப்பக்கம் பார்த்தாள். அடுத்த காரில் சித்தி ஐரீன். சற்றுமுன் இவள் சுட்ட கேக்கைத் தின்று புகழ்ந்தவள். அதற்கடுத்து பாதிரியார். எவரும் திடுக்கிடவில்லை. எல்லாருடைய விரலும் சுவிட்சின்மேல்.

"நார்மன் படகு வந்துச்சா?"

இரண்டு தடவை.

இந்தக் காரின் விளக்கும். நார்மனின் விரல்.

"என் தங்கச்சிகிட்ட யாராவது உண்மையைச் சொன்னீங்களா?"

இரண்டு தடவை.

அந்த வெளிச்சத்தில், கடலைப் பார்த்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. சித்தி. பாதிரியார். கடைசி கார்வரை. கண் இமைக்காமல்.

நார்மன் அலுத்துக்கொள்வதுபோலச் சொன்னான்.

"வருஷா வருஷம் இதையேதான் கேக்குறான் பெரில். இத்தனை நாள் உனக்கு மட்டும்தான் கேக்கலை."