நோயாளிகளுக்கான ஸ்டவுட்

தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஆர்ச்சி மட்ஜ், துப்பறியும் மிஸ் தார்லியின் அறையில் வந்து நின்றார். லண்டன் பெர்மண்ட்சியில் பிளாக்கெட் ஆலையில் பியர் காய்ச்சுவது அவர் பொறுப்பு. அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பூட்ஸ் தரையோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"ஆலைத் தரை பூரா பாகு மாதிரிதான் மேடம், மன்னிக்கணும். நோயாளிங்களுக்குத் தெம்புக்குக் குடுக்கற எங்க கறுப்பு பியர், 'நோயாளி ஸ்டவுட்', புளிச்சுப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. முதலாளி சாயங்காலம் கூப்பிட்டிருக்கார். பியரைப் புளிக்க விட்டவன்னு பேர் வந்துட்டா லண்டன்ல எந்த ஆலையும் என்னை வாசல்ல சேர்க்காது."

"அந்தப் பெட்டிக்கு ஊத்தின தொட்டியில இருந்து வேற எங்க போச்சு?"

மட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க மிஸ்டர் மட்ஜ். பாதிரியார்கிட்ட சொல்றதா நினைச்சுக்குங்க. என்ன, எங்ககிட்ட டீ நல்லாருக்கும்" என்றாள் உதவியாளர் டாட்.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். போருக்குப் பிறகு பியர் இளைத்தது; லேபிள் பெருத்தது. கடைக்குப் போனால் வெறும் ஸ்டவுட். ஒரு கைப்பிடி ஓட்ஸ் விழுவதால் குடும்பப் பெண்களுக்கு ஓட்ஸ் ஸ்டவுட். நர்ஸ் படம் ஒட்டினால் நோயாளி ஸ்டவுட். தொட்டி என்னவோ ஒன்றுதான். ஆலைக்குள் கால் வைத்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வெளியே ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள்.

மாலையில் முதலாளி சர் ஹொரேஷியோ பிளாக்கெட், தன்னைவிட முடி அதிகமுள்ள தன் ஓவியத்தின் கீழே அமர்ந்திருந்தார். எதிரில் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் மிஸ் பீஸ்லி, திரும்பி வந்த பெட்டியோடு. பக்கத்தில் முதலாளியின் அக்கா மகனும் விளம்பரப் பொறுப்பாளருமான டெரன்ஸ். வெண்ணெய் நிற ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மட்ஜ் மிஸ் தார்லியோடு கதவருகே நின்றார்.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா" என்றான் டெரன்ஸ். "போன வாரம் நோயாளி ஸ்டவுட் தொட்டிக்கு நானே போய் ருசி பார்த்தேன். சுள்ளுனு புளிப்பு! பக்கத்துத் தொட்டியில கடை ஸ்டவுட் அமிர்தமா இருந்தது. மட்ஜுக்கு வயசாயிடுச்சு. என் காலேஜ் நண்பன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்…"

மிஸ் தார்லி ஒரு புட்டியை எடுத்து விளக்கில் பார்த்தார். "மூடி மேல இருக்கற காகிதத்தைப் பிரிச்சு, மறுபடி ஒட்டியிருக்காங்க. பெட்டியை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு வந்தது?"

"இதோ, இந்தத் தம்பிதான். அவர் காரிலேயே" என்றார் மிஸ் பீஸ்லி.

"சர் ஹொரேஷியோ, உங்க ஆலையில ஸ்டவுட் தொட்டி எத்தனை?"

மட்ஜுக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தால் முதலாளியின் மானம் போகும்; திறக்காவிட்டால் தன் பிழைப்பு போகும். இத்தனை வருஷம் காத்த ரகசியத்துக்குக் கூலியாக ஒரே ஒரு சொல் வருமா என்று மட்ஜ் முதலாளியின் உதட்டையே பார்த்தார். முதலாளி தன் ஓவியத்தைப் பார்த்தார். அதுவும் உதவவில்லை.

"ஒண்ணு" என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர் போல.

"ஒண்ணா?" டெரன்ஸ் பதறினான். "அப்போ விளம்பரத்துல தனித்தனித் தொட்டின்னு நான் எழுதினது?" எழுதியவனே நம்பியிருந்தான்.

"இல்லாத தொட்டியில ருசி பார்த்திருக்கீங்க" என்றார் மிஸ் தார்லி. "அந்தப் பிசுபிசுத் தரையை உங்க ஷூ மிதிச்சதே இல்லை. தொட்டி புளிச்சிருந்தா லண்டன் பூரா கடைக்காரங்க சண்டைக்கு வந்திருப்பாங்க. புளிச்சது இந்தப் பெட்டி மட்டும்தான். வழியில வினிகர் ஊத்தினீங்க. நண்பனுக்கு வேலை வேணுமே."

"இருங்க இருங்க" என்றார் மிஸ் பீஸ்லி. "வார்டுல நான் அளந்து அளந்து குடுக்கறதைத்தான் என் அண்ணன் சனிக்கிழமையானா மூக்கு முட்டக் குடிச்சிட்டு வர்றானா? அதான் தடியனுக்கு ஒரு தும்மல்கூட வர்றதில்லை!"

டெரன்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுவாரம் சர் ஹொரேஷியோ மட்ஜைக் கூப்பிட்டு, தன் ஓவியம் அச்சிட்ட புதிய லேபிளை நீட்டினார்: 'பிளாக்கெட் நேர்மை ஸ்டவுட். எங்களிடம் மறைக்க எதுவும் இல்லை.'

மட்ஜ் லேபிளை இரண்டு தடவை படித்தார். "இதுக்குத் தனியா என்ன சார் போடணும்?"

"தனியா எதுக்குய்யா? அதே தொட்டிதான்."