அடி வளைவில் கட்டிய துண்டு

முந்தின நாள் ஓடையின் அடி வளைவில் விழுந்து கிடந்த மருதமரத்தில் குணசீலன் எச்சரிக்கைக்காகக் கட்டிவிட்டு வந்த சிவப்புத் துண்டு, இன்று மேல் வளைவிலேயே கண்ணில் பட்டது. போர்வெல் ரிக் வண்டியில் குழாய் கட்டும் அதே முடிச்சு. அவர் கைமுடிச்சு.

"ஏனுங் மாமா, இதைக் கீழதான கட்டுனீங்க?" என்றான் மனைவியின் தம்பி யோகேஷ்.

"கீழதான்."

"தண்ணி தள்ளியாந்திருக்குமுங்க."

"தண்ணி கீழ போகும் மாப்ள. மரம் மேல வந்திருக்குது."

"அதுக்கும் கொல்லிமலை ஏற ஏதாச்சும் வேண்டுதல் இருக்குமாட்ட இருக்குது. உடுங்க."

நியாயமான பதில்தான். பாதாளத்துத் தண்ணீரை மேலே வரவழைத்துப் பிழைக்கும் குணசீலனுக்கு, ஒரு மரம் கொஞ்சம் மேலே வந்ததைக் குறை சொல்ல வாயில்லை.

ஓடையில் விழுந்த மரம் டீ வடிகட்டி மாதிரி. தண்ணீர் போய்விடும், ஆள் நின்றுவிடுவான். அதனால் இருவரும் தங்கள் கயாக் படகுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே மரத்தைக் கடந்தார்கள். எருமப்பட்டிப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் மேகம் இறங்கி, பாறைகளுக்கிடையே நுரைத்த தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ மெல்லுவதுபோல் ஒரு சத்தமும், குளித்துத் துவட்டாத தலைமுடியின் வாடையும் வந்தன. மரத்தின் இலைகள் நீரோடு சாயாமல், அவர்கள் போகும் பக்கமெல்லாம் திரும்பின.

"நீங்க முன்னால போனாத்தான் அவனை உடுவேன்," என்று ஸ்ரீதேவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு ஒரே தம்பி.

"மாப்ள, நில்லு. நான் முன்னால போறேன்."

"நீங்க மரத்தையே பாத்துட்டு நில்லுங்க. நான் போயி துடுப்பை நட்டமாத் தூக்குனா வாங்க, குறுக்க புடிச்சா வராதீங்க."

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டான். மஞ்சள் ஹெல்மெட் வளைவில் மறைந்தது.

குணசீலன் திரும்பிப் பார்த்தார். மரம் கிடந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

"மாப்ளே!"

இரைச்சல். இரைச்சல் மட்டும்.

பிறகு, கீழே பாறைக்கு மேலாக ஒரு துடுப்பு எழுந்தது. நட்டமாக. வா.

போன உயிர் திரும்பி வந்தது. படகை இறக்கினார். ஓடை இழுத்தது. ஒரு பாறை. இன்னொன்று. வளைவு.

மரம்.

மேலே நோக்கி நீண்ட கிளைகள். அவற்றில் கவிழ்ந்து ஒட்டிய யோகேஷின் படகு. தண்ணீருக்கடியில் மஞ்சளாக ஏதோ அசையாமல்.

துடுப்போடு எழுந்திருந்தது யோகேஷின் கைதான். விரல்கள் விரிந்து தொங்கின. மணிக்கட்டைத் துடுப்போடு சேர்த்து அந்தச் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. அதே முடிச்சு.

அந்தக் கையைத் தாங்கியிருந்த கிளை மெல்லத் தாழ்ந்தது.

மறுபடி தூக்கிக் காட்டியது. நட்டமாக.