அந்த ஞாயிறு ஜேம்ஸ் ஃபிளெட் எங்கே படுத்தார்?

"குடையை வெளியில உதறிட்டு வரக்கூடாதாங்க?"

நூலக வாசலில் திடுக்கிட்டு நின்றாள் எல்ஸ்பெத். மேசைக்குப் பின்னாலிருந்தவனின் மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி... கழற்றித் துடைத்தான். அட, சாம்பல் நிறக் கண்கள்! சீ, சிடுசிடுப்பவனிடம் என்ன கண் ஆராய்ச்சி?

கிளாஸ்கோவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ரோரி அவன்.

"1881 மக்கள்தொகைக் கணக்கு பார்க்கணும். ஜேம்ஸ் ஃபிளெட், மீன்பிடிக்கிறவர். என் கொள்ளுத்தாத்தாவோட அப்பா."

கணினியில் தட்டிப் பார்த்தான். "இந்த ஊர்ல பதினோரு ஜேம்ஸ் ஃபிளெட் இருக்காங்க. எந்த ஆளைக் கட்டித் தரட்டும்?"

சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள். ஊரில் பாதிப் பேர் ஃபிளெட்தான். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர். அவள் வீட்டுக்கு வாய்த்ததைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"ஓடுகாலி வீடு... அந்த வருஷம் கணக்கெடுக்க வந்தவர், ஞாயித்துக்கிழமை ராத்திரி புருஷன் எங்க படுத்தான்னு கேட்டாராம். அவர் மனைவிக்குத் தெரியலை. வேற ஊர்ப் படகுல வேலைக்குப் போயிருந்தார். ஆனா ஞாயித்துக்கிழமை எந்தப் படகும் கடல்ல இருக்காது, அது ஓய்வு நாள். அப்போ எவளோட இருந்தான்னு ஊரே பேசிடுச்சு. மறுவாரம் அவர் வந்து சொன்னதை யாரும் நம்பலை. இந்த ஞாயிறு என் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். அதுக்கும் இந்தப் பேர் ஒட்டணுமா?"

"ஒருவேளை... நிஜமாவே ஓடியிருந்தா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நானே தேடிக்கிறேன். உங்க உதவி வேண்டாம்!"

சொன்னபடியே செய்தாள். பேக்கரி வேலை முடிந்ததும் தினமும் வந்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த முதுகும் அழகாக இருந்ததுதான் ரோரியின் தலையெழுத்து!

வெள்ளிக்கிழமை மாலை அவள் திரையை அணைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"பதினோரு பேரையும் பார்த்துட்டேன். அவர் இல்லை..."

ரோரி ஒரு தாளை நீட்டினான். நாட்டின் வட கோடியில் விக் துறைமுகம். கணக்கெடுப்பு ராத்திரி படகுகளில் படுத்தவர்களின் பட்டியல் தனி. அதில், ஜேம்ஸ் ஃபிளெட், முப்பத்தொன்று, மணமானவர், பிறந்தது இதே ஊர்.

"சனிக்கிழமை காத்து மாறியிருக்கும். ஊர் திரும்பணும்னா ஞாயித்துக்கிழமை பாய் விரிச்சுப் படகை ஓட்டணும். அதைச் செய்யாம படகை விக்ல கட்டிட்டு அதுலயே படுத்துட்டார். ஊரை விட ஒழுங்கா ஓய்வு நாளைக் காத்தவர் உங்க ஜேம்ஸ்."

எல்ஸ்பெத் அழுதுகொண்டே சிரித்தாள். பாவி மனுஷன், நூற்று நாற்பது வருடம் வசவு வாங்கியிருக்கிறாரே! அப்புறம்தான் தாளின் மூலையில் அச்சாகியிருந்த தேதி கண்ணில் பட்டது.

"இது... புதன்கிழமை எடுத்ததா?"

அவன் காது மடல் சிவந்தது.

"புதனே கிடைச்சிடுச்சு. சொல்லியிருந்தா வியாழக்கிழமை நீங்க வரமாட்டீங்களே..."

"அதுக்காக அந்த மனுஷனை ரெண்டு நாள் கூடுதலா ஓடுகாலியா வச்சிருந்தீங்களா?"

"தப்புதான். ஆனா உங்களைப் பார்க்காம ஒரு சாயங்காலம்கூட முடியலை, எல்ஸ்பெத். பிடிச்சிருக்கு... ரொம்ப."

வெளியே மழை விட்டிருந்தது. அவளுக்குக் கோபம்தான் வரமாட்டேன் என்றது.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க. தாளை எங்க ஜனங்க முன்னாடி நீங்களே படிக்கணும். அது தண்டனை."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் விருந்து. என் பக்கத்துல உட்காரணும்... எனக்கும் பிடிச்சிருக்குன்னு வீட்ல சொல்லணுமில்ல?"