மேல்மாடி காலி

வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் எரிந்தால்தான் நீராவிக் குழாய் தட்டும். ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் பாய்லரை யார் எரிப்பார்கள்? ஆனாலும் வெர்லீனின் பழுப்புக்கல் வீட்டில் குழாய் தட்டியது. டங். டங். டங்.

புரூக்ளினில் அந்தத் தெருவில் இன்னும் வீட்டை விற்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவெட்டுகிற கடை இருந்த இடத்தில் இப்போது நாய்க்குக் கேக் விற்கிறார்கள். வெர்லீனுடையது இரண்டு குடித்தன வீடு. ஆள் இருக்கிற மாடியை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் விளம்பரத்தில் 'மேல்மாடி காலி' என்று போடச் சொல்லியிருந்தாள்.

எப்படிக் காலியானது என்று தெருவுக்கே தெரியும். நாகரிகம் தெரிந்த தெரு, கேட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாக மேலே குடியிருந்த இஸ்மே கிளம்ப மாட்டேன் என்றாள். பிப்ரவரியில் பாய்லர் 'பழுதானது'. பதினோரு நாள் இஸ்மே கரண்டியால் குழாயைத் தட்டித் தட்டிச் சூடு கேட்டாள். கீழே வெர்லீன் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள். பன்னிரண்டாம் நாள் தட்டல் நின்றது. மாரடைப்பு என்று சொல்லிவிட்டு, சாவுக்குப் புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள் மகராசி.

இன்று வீட்டை வாங்கப்போகிற அன்னிகாவும் அவள் புருஷன் கோல்பியும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். போட்டுவிட்டால் நாளைக்கு வெர்லீன் ஜார்ஜியாவில், மகள் வீட்டில். இந்த வீட்டில் இன்னொரு ராத்திரி அவளால் முடியாது.

"என்ன வெர்லீன், இந்த வெயில்ல கம்பளிச் சால்வை?" எதிர்வீட்டுப் படியில் விசிறிக்கொண்டிருந்த கிளமெண்ட் கத்தினார். "மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?"

"உம்ம வேலையப் பாருமய்யா!" என்று கதவைச் சாத்தினாள். குளிரில் பல் கிட்டியது.

அவர்கள் இருவரும் மேலே போனார்கள். வெர்லீன் போகவில்லை, பிப்ரவரியிலிருந்தே அந்தப் படியை அவள் மிதிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள். மரத்தரையில் இரண்டு ஜோடிக் கால்கள் நடப்பதும், ஜன்னல் திறப்பதும், அன்னிகா சிரிப்பதும் கேட்டது. கூடவே நாப்தலினும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை படிப்படியாக இறங்கி வந்து அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. பிறகு மூன்றாவதாக ஒரு ஜோடிக் கால். மெதுவாக. இழுத்து இழுத்து.

அரைமணி கழித்து இறங்கினார்கள். அன்னிகாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

"மேல ஒரு பாட்டி இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே, மிஸ் வெர்லீன்! எவ்வளவு நல்லவங்க! டீயெல்லாம் போட்டுக் குடுத்தாங்க."

"யா... யாரு?"

"அவங்களப் போய்க் காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்றான் கோல்பி. "இருந்துட்டுப் போகட்டும். பத்திரத்துல நாங்க மேலயே கையெழுத்துப் போட்டாச்சு."

"நீங்களும் எங்கயும் போகலையாம்ல? தனியா இருக்கக் குளிருதாம். உங்களக் கூடவே வெச்சுக்கறேன்னாங்க." அன்னிகா வாஞ்சையோடு அவள் கையைத் தொட்டாள்.

போய்விட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது.

வெர்லீன் பித்தளைக் குமிழைப் பிடித்தாள். திரும்பவில்லை. கையை எடுத்தாள். வரவில்லை. தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே வெயில். கிளமெண்ட் விசிறிக்கொண்டிருந்தார். கத்தினாள். கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளையாக உறையத் தொடங்கியது. கிளமெண்ட் மறைந்தார். தெரு மறைந்தது.

பின்னால் படி முனகியது.

திரும்பிப் பார்த்தாள்.

கோட்டுக்கு மேல் கோட்டு, அதற்கும் மேல் கோட்டு, தன்னிடம் இருந்த அத்தனையையும் போட்டுக்கொண்டு, சுவருக்குச் சுவர் படியை அடைத்தபடி இஸ்மே இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் ஒரு பொத்தானைக் கழற்றினாள். உள்ளே ஒருவர் நுழைந்துகொள்ளத் தோதாக.