ஸ்வீட்டும் ஒரு பூப்போட்ட பீங்கானும்

“எண்ட பூப்போட்ட பீங்கானத் தந்துட்டுக் கதைங்க, சபியா உம்மா.”

“உங்கட பீங்கான நான் காதுலயா மாட்டி வெச்சிருக்கன்? வந்து பாருங்களன்.”

கல்முனையின் அந்தத் தெருவில், நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடந்தது. பசி வயிற்றில் இருந்தது. சத்தம் மதிலுக்கு மேலே இருந்தது. இந்தப் பக்கம் சல்மா உம்மா, அந்தப் பக்கம் சபியா உம்மா.

சபியா உம்மாவின் மகள் நுஸ்ஹா நடுவில் புகுந்தாள். “மாமி, நீங்க தந்த கட்லட்டோட அந்தப் பீங்கான லண்டன் புள்ளட ஊட்டதான் குடுத்தன்.”

“ஏன், லண்டன்ல பீங்கான் இல்லையாமா?” என்றார் சல்மா உம்மா.

எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற பஸ்மிலாவுக்கு அது நன்றாகக் கேட்டது.

அவளும் வாப்பாவும் லண்டனிலிருந்து வந்து ஒரு மாதம். வாப்பா விடிந்தால் மாவடிப்பள்ளி வயல் விஷயமாகப் போவார், இருட்டினால்தான் வருவார். அவளைப் பெற்ற உம்மா லண்டனில் வேலையில் இருந்தார். பஸ்மிலாவுக்குத் துணை ஒரு பூனை. அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை.

தெருவுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். பூனையைக் கண்டால் “ஸ்வீட்.” மழை பெய்தால் “ஸ்வீட்.” பேக்கரிப் பாண்காரர் வாசலில் நின்று கொடுத்தால் அவரும் “ஸ்வீட்.” சரி என்பதற்கும் அதுவே, நன்றிக்கும் அதுவே. லண்டனில் சொற்களுக்குப் பஞ்சமோ என்று தெரு கவலைப்பட்டது. இத்தனைக்கும் அவள் ஒரு டொபி தின்று யாரும் பார்த்ததில்லை.

“ஸ்வீட் வாறா” என்று கத்திவிட்டுப் பிள்ளைகள் ஓடுவார்கள். அதனால் அவள் வெளியே வருவதையே விட்டுவிட்டாள்.

பலகாரம் வந்த பீங்கான் தட்டுகள் எல்லாம் கழுவித் துடைத்து அவள் குசினியில்தான் இருந்தன. வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று உம்மா சொல்லியிருந்தார். ஏதாவது வாங்கி வருவதாகச் சொன்ன வாப்பா தினமும் மறந்தார். வாப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்தது முட்டை மட்டும்தான்.

வெளியே சண்டை கூடியது. பஸ்மிலா குசினியைத் தேடினாள். சீனிப் போத்தல் ஒன்றுதான் அகப்பட்டது. ஒவ்வொரு பீங்கானிலும் ஒரு கரண்டி சீனி போட்டாள். பூப்போட்டதையும் இன்னொன்றையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

சத்தம் நின்றது.

சல்மா உம்மா சீனியைத் தொட்டார். வாய்க்குப் போன விரல், நோன்பு நினைவு வந்து பாதி வழியில் நின்றது.

“என்ன புள்ள இது?”

“வேற ஒண்டும் இல்ல மாமி. வெறும் பீங்கான் தரக்கூடாதாம், உம்மா சொன்னவ.”

“நோன்பு திறக்க ஆர் இருக்கா ஊட்டுல?”

“வாப்பா.”

“அவர் பிந்தினா?”

பஸ்மிலா பீங்கானில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டாள்.

சல்மா உம்மா சபியா உம்மாவைப் பார்த்தார். சண்டையை எங்கே விட்டோம் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

“எங்கட ஊட்ட வாவன், கஞ்சி குடிப்பம்” என்றாள் நுஸ்ஹா.

“ஸ்வீட்” என்றாள் பஸ்மிலா, மெதுவாக.

இந்த முறை யாரும் ஓடவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பஸ்மிலா லண்டனுக்குத் திரும்பினாள். சபியா உம்மாவின் மகன் றிஸ்மி நிந்தவூரில் கலியாணம் முடித்தான், பெண்ணைப் பார்த்துவிட்டு சல்மா உம்மா சொன்னது, “ஸ்வீட்.”

அந்தப் பூப்போட்ட பீங்கான் மட்டும் இப்போது தெருவில் இல்லை. பஸ்மிலா பயணம் போன அன்று, சல்மா உம்மா வைத்துக் கொடுத்த வட்டிலப்பத்தோடு அதுவும் போய்விட்டது.

“இனி எங்க அது வரப்போகுது” என்றார் சபியா உம்மா.

“வரும்” என்றார் சல்மா உம்மா. “அவள் வெறும் பீங்கான அனுப்ப மாட்டாள். ஏதும் வெச்சு, அவளேதான் கொண்டு வருவாள்.”