சுக்கும் மிளகும் மாடிக்கு வந்த வழி

குற்றாலலிங்கம் ஒரு தடவை “முடியாது” என்று சொல்லிவிட்டால் ஆரியசாலைக் கடைத்தெருவில் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். கீழே கடை, மேலே வீடு.

அன்று அவரிடம் வாய் திறந்தது அவருடைய மகள் ஷில்பா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

“குட்டி ஆமைப்பா. ரெண்டும் சேந்தே என் உள்ளங்கையில அடங்கும்.”

“முடியாது மக்ளே. ஆமை வாசப்படி தாண்டி உள்ள வந்தா குடும்பத்துக்கு ஆகாது. எல்லாருக்கும் தெரிஞ்ச காரியமாக்கும்.”

பக்கத்து வீட்டு ஓமனா டீச்சர் கடை வாசலில் செருப்பு டப்பாவைக் கையில் ஏந்தியபடி பாவமாக நின்றார். உள்ளே பாக்கு அளவில் இரண்டு பெட்டியாமைக் குட்டிகள். பயந்தால் பெட்டியை மூடுவது போல ஓட்டுக்குள் தங்களை மூடிக்கொள்ளும் ஆமைகள் அவை. நம் காட்டு ஆமைகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. இவை வெளிநாட்டு இனம் என்பதால் டீச்சர் வனத்துறையில் பதிவு செய்து வளர்க்கிறார்.

இப்போது டீச்சர் வீட்டில் கூரை ஓடு மாற்றுகிறார்கள். எங்கு பார்த்தாலும் தூசி. எந்த நேரமும் ஆட்கள் நடமாட்டம். ஒரு கால் தவறி மிதித்தால் குட்டிகளின் கதி அவ்வளவுதான். வேலை முடியும்வரை குட்டிகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் ஷில்பா கேட்டாள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே ஒரு மல்லி மூட்டை மெதுவாக மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடை ஆள் இசக்கிப்பாண்டி கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். மாடியில் சாக்கு அறைக்குப் பெரிய திறப்பு ஒன்று உண்டு. மூட்டைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

“அப்பா, வாசப்படி தாண்டக் கூடாது. அவ்வளவுதானே?”

“ஆமா.”

“அந்த மூட்டை வாசப்படி தாண்டல்லியே?”

குற்றாலலிங்கம் மூட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நியாயமான பேச்சுக்கு மறுபேச்சு பேசாத வியாபாரி அவர். அதுதான் அவருடைய பெருமை, அன்றைக்கு அதுவே தொல்லை.

“செரி. ஆனா வீட்டுத் தரையில அதுக கால் பட்டா அந்த நிமிஷமே திரும்பிப் போகணும். நான் அதுக முகத்துல முழிக்கவும் மாட்டேன், கேட்டியா?”

ஐம்பது கிலோ மூட்டையை அலட்சியமாக ஏற்றும் இசக்கிப்பாண்டி, அந்தச் செருப்பு டப்பாவைக் கப்பியில் ஏற்றுவதற்குள் வியர்த்து விறுவிறுத்துப் போனார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

“என்ன சரக்கு அண்ணாச்சி, இவ்வளவு பக்குவமா ஏத்துதீங்க?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

ஆமை என்று சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. “சுக்கும் மிளகும்” என்றார்.

குட்டிகளுக்குப் பெயர் அப்படித்தான் வந்தது.

சாக்கு அறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வைத்து ஷில்பா வேலையைத் தொடங்கினாள். அதற்குள் இசக்கிப்பாண்டி ஓர் அண்டா நிறையத் தண்ணீருடன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“ஆமைன்னா தண்ணியிலதான பாப்பா கெடக்கும்?”

“மாமா, இது தரை ஆமை. இதுல போட்டா முங்கிரும்!”

அண்டா வந்த வழியே போனது. பெட்டியின் அடியில் ஷில்பா தேங்காய் நார்த்தூளையும் மண்ணையும் பரப்பினாள். மேலே காய்ந்த இலைகளைப் போட்டாள். ஒளிந்துகொள்ள இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஓரத்தில் வாசல் வெட்டிக் கொடுத்தாள். குடிக்க ஒரு டப்பா மூடியில் கொஞ்சம் தண்ணீர். ஒரு மூலையில் கதகதப்புக்கு ஒரு பல்பு.

“மோளே, மண்ணு எப்போழும் ஈரமா இருக்கணும், கேட்டோ. அது மட்டும் மறக்கண்டா” என்று ஓமனா டீச்சர் சொன்னார். பிறகு தீனி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மண்புழுக்கள் நெளிந்தன.

“சைவக்காரங்க வீட்டுல புழுவா!” என்று அம்மா அலறினாள். “என் அரிவாள்மணைப் பக்கம் அது வரப்படாது, சொல்லிட்டேன்!”

நாட்கள் நல்லபடியாகவே ஓடின. பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை ஷில்பா தண்ணீர் தெளித்தாள். அப்பா சொன்ன சொல் தவறாமல் சாக்கு அறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷில்பா தாமதமாக எழுந்தாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள். திறப்பு வழியாக மாசி வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மிளகு சிரட்டைக்குள் இருந்தது. சுக்கைக் காணோம்!

இலைகளை விலக்கினாள். சிரட்டைகளைத் தூக்கினாள். இல்லை. மூட்டைகளுக்கு இடையில் தவழ்ந்து தேடினாள். அங்கும் இல்லை. பதற்றத்தில் தண்ணீர் தெளிக்கவே மறந்துபோனாள்.

“என்னடி தேடுதே?” என்று அம்மா வந்தாள். ஷில்பா காதில் சொன்னதும் அம்மா ஒரே தாவலில் முக்காலி மேல் ஏறினாள். “அப்பா காதுல விழுந்துராம! இப்பவே திருப்பி அனுப்பிருவாக!”

ஷில்பாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் சுக்கு கிடைக்குமா? அவள் அம்மாவின் கோலமாவை எடுத்து வந்து, சாக்கு அறை வாசலில் மெல்லிசாகத் தூவினாள். சுக்கு அறைக்குள் எங்காவது ஒளிந்திருந்து வெளியே நடந்தால் தடம் காட்டிக் கொடுத்துவிடும்.

சாப்பிட்டு முடித்து, அம்மாவுக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். மாவில் தடம் இருந்தது!

ஆனால் அது ஆமைத் தடம் இல்லை. அகலமான, பெரிய மனிதக் கால்கள். உள்ளே போய், திரும்பியும் வந்திருந்தன.

உள்ளே ஓடினாள். பெட்டிக்குள் மண் கறுகறுவென்று நனைந்திருந்தது. ஒரு மூலையில் அவள் வைக்காத ஒரு பொருள் இருந்தது: ஈரச் சாக்குத் துண்டு. அதை மெல்லத் தூக்கினாள். மூக்கில் மண் ஒட்டியிருக்க, சுக்கு தலையை நீட்டிப் பார்த்தது. மேல்மண் காய்ந்ததால் ஈரம் தேடி அடியில் புதைந்திருக்கிறது. மண் நனைந்ததும் மேலே வந்துவிட்டது.

“அடப்பாவி!” என்றாள் ஷில்பா. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளைக் கால்தடங்கள் கூடத்துச் சிவப்புத் தரை வழியாகப் போய், சாய்வு நாற்காலி முன்னால் முடிந்தன. அங்கே அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். உள்ளங்கால்கள் இரண்டும் வெளேரென்று இருந்தன.

“அப்பா, கால்ல என்ன மாவு?”

குறட்டை நின்றது. “மாவு மில்லுக்குப் போனேன்லா.”

“ஞாயித்துக்கிழமையா?”

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. அப்பா அக்கம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ தெளிச்சிட்டு பள்ளிக்கூடம் போயிருதே. அப்புறம் வெயில் நேரா அங்கனதான் அடிக்கி. காய விட்டா சரக்கு கெட்டுரும்லா? அதான் சொட்டச் சொட்ட ஒரு ஈரச் சாக்கு. தினமும் நீ வாறதுக்கு முன்ன எடுத்துருவேன். இன்னிக்கு நீ சாப்பிட உக்காந்த பிறகுதான் நேரம் கெடச்சுது.”

“அதுக முகத்துல முழிக்க மாட்டேன்னீங்களே?”

“முழிக்கல்லியே! வால் பக்கமா நின்னுதான் வச்சேன்.”

“யாரு தரையெல்லாம் இப்படி ஆக்குனது?” என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பாவின் முகம் வாடிப்போனது. ஊருக்கே கறாரான அண்ணாச்சி, அம்மாவிடம் மாட்டினால் வருஷம் முழுக்கக் கேலிதான். ஷில்பா சட்டென்று துணியை எடுத்துக் கால்தடங்களைத் துடைத்தாள். “கோலமாவு நான்தான் எடுத்தேன்மா!” என்றாள். அது உண்மைதானே? பிறகு தண்ணீர் தெளிக்கும் குப்பியைக் கொண்டு வந்து அப்பாவின் நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

“சாக்கைவிட இது வசதிப்பா.”

கூரை வேலை முடிந்ததும் ஓமனா டீச்சர் செருப்பு டப்பாவுடன் வந்தார். ஷில்பா சுக்கையும் மிளகையும் அதில் வைத்துக் கொடுத்தாள். இசக்கிப்பாண்டி கப்பிக் கயிற்றைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கப்பி வேண்டாம்லே” என்றார் அப்பா. “மாடிப்படி எறங்கி, வாசல் வழியாவே போகட்டும்.”

“அண்ணாச்சி! வாசப்படி தாண்டணுமே!”

அப்பா டப்பாவின் மூடியைத் தூக்கி, முதல் தடவையாக இரண்டு குட்டிகளையும் முகத்துக்கு முகம் பார்த்தார்.

“தாண்டட்டும்லே. இல்லேன்னா திரும்பி வர வழி அதுகளுக்கு எப்படித் தெரியும்?”